மெடலுக்கு முன்னால் ஒரு நாற்காலி

சக்கர நாற்காலியில் டென்னிஸ் ஆடுபவருக்கு விதிப் புத்தகம் தரும் பெரிய சலுகை ஒன்றே ஒன்றுதான்: பந்து இரண்டு முறை பவுன்ஸ் ஆகலாம். முதல் பவுன்ஸ் கோட்டுக்குள் விழ வேண்டும். இரண்டாவது எங்கே விழுந்தாலும் சரி. வலை, கோர்ட், பந்து, ஸ்கோர் எல்லாம் மற்றவர்கள் ஆடும் அதே டென்னிஸ்.

மற்றபடி கறார்தான். நாற்காலியும் ஆட்டக்காரரின் உடம்பாகவே கணக்கு. பந்து சக்கரத்தில் பட்டால் பாயிண்ட் போச்சு. அடிக்கும்போது இருக்கையை விட்டு எழும்பக் கூடாது. மட்டை பிடித்த கையாலேயே சக்கரத்தையும் தள்ள வேண்டும். சட்டென்று திரும்புவதற்காகச் சக்கரங்கள் கீழே விரிந்து சாய்ந்திருக்கும். மல்லாந்துவிடாமல் இருக்கப் பின்னால் ஒரு குட்டிச் சக்கரம். கைதேர்ந்தவர்கள் நிற்பதே இல்லை. அடித்த வேகத்தில் நாற்காலியைச் சுழற்றி, உருண்டுகொண்டே அடுத்த பந்தை எதிர்பார்ப்பார்கள். நின்ற நாற்காலியைக் கிளப்புவதற்குள் இரண்டாவது பவுன்ஸும் போய்விடும்.

1976இல் அமெரிக்காவில், பனிச்சறுக்கில் விழுந்து கால்கள் செயலிழந்த பிராட் பார்க்ஸ் என்ற இளைஞர் தொடங்கிவைத்த ஆட்டம் இது. 1992 பார்சிலோனா பாராலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கீர் 2003க்குப் பிறகு ஒற்றையரில் தோற்கவே இல்லை. 470 வெற்றிகளைத் தொடர்ச்சியாகக் குவித்து, 2013இல் அப்படியே ஓய்வுபெற்றார். ஒன்பது வயதில் எலும்புப் புற்றுநோய் கண்ட ஜப்பானின் டோகிட்டோ ஓடா, 2023இல் பிரெஞ்சு ஓப்பனை வென்றபோது அவருக்கு வயது 17.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மணலூர்பேட்டைக்கும் இந்த ஆட்டத்துக்கும் எவ்வளவு தூரம்? தை 5ஆம் நாள் ஆற்றுத்திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும் ஊர். தென்பெண்ணை மணலில் சக்கரம் உருளாது. நாற்காலியோடு ஆளைத் தூக்கித்தான் போக வேண்டும். டென்னிஸுக்கோ இறுகிய சமதளம் வேண்டும்.

பக்கத்துச் சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியிலிருந்து கிளம்பிய மாரியப்பன் தங்கவேலு, ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றதை இந்தப் பக்கம் அறியாதவர் இல்லை. டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். 2024 பாரிஸில் மாரியப்பனோடு பதக்கம் வாங்கிய தமிழ்நாட்டவர் துளசிமதி, மனிஷா, நித்யஸ்ரீ. மூவரும் பாட்மின்டன். கவனித்தால் ஒன்று தெரியும்: நால்வருமே நின்று ஆடும் பிரிவினர். அவர்கள் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், நாற்காலி தேவைப்படுகிற பிள்ளைக்கு ஆட்டத்தின் வாசலே லட்சங்களில் இருக்கிறது. மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து டென்னிஸ் ஆட முடியாது.

பாரிஸுக்கு இந்தியா அனுப்பிய 84 பேர் 12 விளையாட்டுகளில் இறங்கினார்கள்; அதில் சக்கர நாற்காலி டென்னிஸ் இல்லை. ஆளே இல்லாமல் அல்ல. கர்நாடகத்தின் சேகர் வீராசாமி, பிரதிமா ராவ், தமிழகத்தின் கார்த்திக் கருணாகரன் என்று ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் கதையே வேறு. அங்கே ராணுவத்தினர் இந்த ஆட்டத்தைக் கையில் எடுத்தார்கள். சுரேஷ் தர்மசேன டோக்கியோ வரை போய் ஆடினார். முன்கூட்டியே நாற்காலி தர ஓர் அமைப்பு இருந்தது, அவ்வளவுதான். இங்கே, பாரிஸ் பதக்கக்காரர்கள் நால்வருக்கும் தமிழக அரசு மொத்தம் 5 கோடி ரூபாய் கொடுத்தது, நியாயமான பரிசு. நாற்காலிக்கான பணமோ மெடலுக்குப் பல வருஷம் முன்னால் வர வேண்டிய பணம்.

ஒரு மாவட்டம் இதைத் தொடங்க நான்கு நாற்காலி வாங்கிக் காத்திருக்க வேண்டியதில்லை. நாற்காலிக்காரரும் நிற்பவரும் சேர்ந்து இரட்டையர் ஆட விதியிலேயே இடம் உண்டு: அவருக்கு இரண்டு பவுன்ஸ், இவருக்கு ஒன்று. கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சிமென்ட் தளம் போட்டு, ஒரே ஒரு ஆட்ட நாற்காலி வாங்கினால் அடுத்த நாளே ஆடலாம்.