பெல்பாஸ்ட் நகரின் பழைய மதுக்கடை

கள்ளுக்கடை என்றதும் தோட்டத்து மக்களாகிய நமக்குத் தகரக் கூரையும் நீண்ட பலகையுமே நினைவுக்கு வரும். அதனால் சீரழிந்த குடும்பங்களையும் நாம் அறிவோம். ஆகவே, வானொலியில் மதுக்கடையைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் இன்று பேசப்போவது கட்டடத்தைப் பற்றி. சுவரையும் தட்டியையும் பார்த்தே ஒரு சமுதாயத்தைப் படித்துவிடலாம் என்பதற்கு இக்கடை நல்ல சான்று.

வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்டில், கிரேட் விக்டோரியா வீதியில் உள்ளது கிரவுன் லிக்கர் சலூன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிளானிகன் என்ற குடும்பத்தார் இதற்கு இன்றைய அழகைத் தந்தனர். அக்காலத்தில் நகரில் புதிய தேவாலயங்கள் எழுந்துகொண்டிருந்தன. அவ்வேலைக்கு வந்திருந்த இத்தாலியக் கைவினைஞர்களே, பகல் வேலை முடிந்தபின் இங்கு வந்து ஓடு பதித்தார்கள், கண்ணாடி பொருத்தினார்கள், மரம் செதுக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. உள்ளே நுழைபவர்களுக்கு அது கோயிலா கடையா என்ற மயக்கம் வந்தால் வியப்பில்லை. வெளிச்சுவரில் பல வண்ணப் பீங்கான் ஓடுகள், சன்னல்களில் வண்ணம் தீட்டிய கண்ணாடிகள், தரையில் மொசாயிக், மதுவை ஊற்றிக் கொடுக்கும் மேடையின்மேல் செந்நிறக் கருங்கல். பழைய முறை எரிவாயு விளக்குகளின் மங்கிய ஒளி வேறு!

ஆனால் நம் கவனத்துக்குரியவை, ஒரு பக்கமாக வரிசையாய் அமைந்த பத்துச் சிற்றறைகளே. இவற்றை அங்கே ‘ஸ்னக்’ என்பார்கள். சுற்றிலும் செதுக்கிய மரத்தட்டிகள், நடுவில் ஒரு மேசை, எதிரெதிரே பெஞ்சுகள், சாத்திக்கொள்ள ஒரு கதவு. நுழைவாயிலில் சிங்கமும் சிறகுடைய புராண விலங்கும் கேடயம் ஏந்திக் காவல் நிற்கின்றன. உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால் வெளியே மணி அடிக்கும், பரிமாறுபவர் வருவார். வேண்டியதைக் கேட்டுப் பெறுவதற்காக எழுந்து போய்ப் பலர் கண்ணில் பட வேண்டியதில்லை.

ஏன் இவ்வளவு மறைவு? விக்டோரியா காலத்து ஒழுக்க நெறி கடுமையானது. மதுக்கடையில் காணப்படுவது கௌரவக் குறைவு என்று எண்ணிய பெண்களும் பெரிய மனிதர்களும் இத்தகைய அறைகளில் ஒதுங்கினர். மற்றவர்கள் மேடையருகே நின்று குடித்தனர். நம் நாட்டில் துரைமாருக்குத் தனியாகக் கிளப் இருந்தது. பால்மரம் வெட்டியவர் போனது கள்ளுக்கடைக்கு. அங்கேயோ ஒரே கூரையின் கீழ் ஒரு மரத்தட்டி அந்த வேலையைச் செய்தது.

வாயில் தரையில் மொசாயிக்கால் ஆன ஒரு கிரீடம் உண்டு. பிரிட்டிஷ் முடியாட்சியை ஆதரித்த மனைவி கடைக்குக் ‘கிரவுன்’ என்று பெயர் வைக்கச் சொன்னாராம். அயர்லாந்து தேசியவாதியான கணவரோ, போகிறவர் வருகிறவர் மிதிக்கட்டும் என்று கிரீடத்தைத் தரையில் பதித்தாராம். உண்மையோ கற்பனையோ, பிளவுபட்ட அந்நகர மக்களுக்குப் பிடித்த கதை அது.

இருபதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் இத்தகைய கடைகள் பலவற்றின் தட்டிகளைப் பிடுங்கி எறிந்து, ஒரே கூடமாக ஆக்கிவிட்டார்கள். கிரவுன் தப்பியது. கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றோர் இதற்காகக் குரல் கொடுத்தனர். 1978ஆம் ஆண்டில் நேஷனல் டிரஸ்ட் எனும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு கடையை வாங்கி, 1981இல் செப்பனிட்டு முடித்தது. அது வெடிகுண்டுகளின் காலம் என்பதை மறக்கக்கூடாது. எதிரேயுள்ள யூரோப்பா ஹோட்டல் முப்பது தடவைக்கு மேல் தாக்கப்பட்டது. அந்த அதிர்ச்சியில் இக்கடையின் கண்ணாடிகளும் சேதமுற்றன. நாளை நிற்குமா என்று தெரியாத கட்டடத்துக்குப் பணத்தையும் உழைப்பையும் செலவிட்டவர்களின் துணிவை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

இதை அருங்காட்சியகமாகப் பூட்டி வைக்காததும் சரியான முடிவே என்பது நம் கருத்து. இன்றும் இது கடையாகவே நடக்கிறது. சிற்றறைகளில் தீக்குச்சி உரசுவதற்கென்று உலோகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டில் புகைத்தடைச் சட்டம் வந்தபின் அங்கே சுருட்டுப் பற்றவைக்க வழியில்லை. இருப்பினும் தகடுகளைக் கழற்றவில்லை.