வெளிநாட்டு வேலை: முகமைக்கு உரிமம் உண்டா? பணம் கட்டும் முன் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: வளைகுடா நாட்டில் வேலை வாங்கித் தருவதாகக் கூறும் முகமை, மாநகராட்சியின் வணிக உரிமத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கலாம், ஜிஎஸ்டி எண்ணும் பெற்றிருக்கலாம். இவை இரண்டும் ஆள் அனுப்பும் அதிகாரத்தைத் தருவதில்லை. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவுச் சான்றிதழ் பெற்ற முகமை மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கலாம்.

இச்சான்றிதழைப் பெற ரூ.50 லட்சத்துக்கு வங்கி உத்தரவாதம் அளிக்க வேண்டும். சிறிய முகமைகளுக்கு இத்தொகை ரூ.8 லட்சம். அயல்நாட்டில் கைவிடப்பட்ட தொழிலாளியை ஊருக்கு அழைத்துவர நேர்ந்தால், அச்செலவை இதிலிருந்து ஈடுகட்ட முடியும்.

வேலை தேடுவோரிடம் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் ரூ.30,000 மற்றும் ஜிஎஸ்டி மட்டுமே வசூலிக்கலாம். ஆனால் உரிமம் இருப்பதாலேயே வசூல் நேர்மையாக இருக்கும் என்று நம்பிவிட இயலாது. குவைத் செவிலியர் பணிக்கு ரூ.19,500 பெற வேண்டிய கொச்சி முகமை ஒன்று, தலா ரூ.19.5 லட்சம் வரை வசூலித்ததாக 2015-இல் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. அதே ஆண்டு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்குச் செவிலியரை அனுப்பும் பணியை மத்திய அரசு, அரசு முகமைகளிடம் ஒப்படைத்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

பெரிய ஓட்டை சுற்றுலா விசாதான். 'முதலில் விசிட் விசாவில் செல்லுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று முகவர் கூறினால், வேலை ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாகாது. பின்னர் சம்பளம் மறுக்கப்பட்டாலும், அந்த முகவரே அனுப்பினார் என்பதற்கு அரசிடம் ஆவணம் இருக்காது. ஊரில் அறிமுகமான 'சப்-ஏஜென்ட்' மூலம் பணம் கொடுப்பதும் இத்தகையதே. சட்டம் அவரை அங்கீகரிக்கவில்லை.

விதிமீறலுக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ரூ.2,000 வரை அபராதமும் விதிக்கலாம். லட்சங்கள் கைமாறும் தொழிலில் இந்த அபராதம் யாரையும் அச்சுறுத்தப் போவதில்லை. 1983-இல் எழுதப்பட்ட தொகை அது. சட்டத்தை மாற்றுவதற்கான வரைவு மசோதாவை மத்திய அரசு 2021-இல் வெளியிட்டது.

முகமையின் பெயரையும் பதிவு எண்ணையும் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சான்றிதழ் நடப்பில் உள்ளதா, காலாவதியானதா என்பதையும் கவனிக்க வேண்டும். கேரளத்தில் திருவனந்தபுரம், கொச்சி ஆகிய இடங்களில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகங்கள் உள்ளன. தமிழகத்தினர் சென்னையில் உள்ள பாதுகாவலர் அலுவலகத்தையோ, மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையோ அணுகலாம்.