புதிய ரோசாக் கன்று வைக்கும் சகோதரிகளுக்கு

ரோசாக் கன்று வாங்கும்போது நாம் பூவைத்தான் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது அடித்தண்டை. அங்கே முடிச்சுப் போல மேடு தெரிந்தால் அது ஒட்டுக்கன்று. மேட்டுக்குக் கீழிருந்து வரும் தளிர் காட்டு ரோசா. அதை விட்டுவைத்தால் மேலேயுள்ள நல்ல இனம் மெலிந்துபோகும். அடியோடு பிடுங்கிவிடுங்கள்.

நுவரெலியாக் குளிரில் வளர்ந்த கன்று வன்னி வெயிலில் வாடிவிடுவதும் உண்டு. ஆகவே, காசு கொடுக்குமுன் அயல் வளவுகளைப் பாருங்கள். இரண்டு மூன்று கோடையைத் தாங்கிய செடியிருந்தால், பூத்து முடிந்த கிளையில் பென்சில் தடிப்புள்ள தடி கேளுங்கள். 6 அங்குலம் போதும். நுனியில் இரண்டு இலை விட்டு, அடியில் துளையிட்ட பால்மா ரின்னில் மணல் கலந்த மண் நிரப்பி, இரண்டு கணு புதைய ஊன்றி நிழலில் வையுங்கள். சில பட்டுப்போகும், ஐந்தாறு ஊன்றுவது நல்லது.

“கணவனை இழந்தவளுக்குப் பூமரம் எதற்கு?” என்று கேட்போர் இன்னமும் இருக்கின்றனர். அந்தப் பேச்சுக்கு அஞ்சி வைத்த கன்றைப் பிடுங்கியவர்களும் உண்டு. உங்கள் முற்றத்தில் கன்று வைக்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

வேர்விட ஆறேழு கிழமை செல்லும். பிறகு, நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில்படும் இடத்தில் மக்கிய மாட்டெருவிட்டு நடுங்கள். காலையில் அடியில் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இலை நனைந்திருந்தால் கரும்புள்ளி நோய் பரவும். மாரியில் உதிரும் புள்ளியிலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். வாடிய பூவை, ஐந்து சிற்றிலையுள்ள கணுவுக்குச் சற்று மேலாக வெட்டினால் அங்கிருந்து புதுக்கிளை வரும்.