49 கோடி ஒளியாண்டு நீள முழக்கோல்

அமெரிக்காவின் அரிசோனாவில், டொஹோனோ ஓஓதாம் பழங்குடியினரின் நிலத்தில் உள்ளது கிட் பீக் மலை. அங்குள்ள மேயால் தொலைநோக்கி 1973-இல் திறந்தது. ஆடியின் அகலம் 4 மீட்டர். அந்தப் பழைய உடம்பில் பொருத்திய புதுக் கண்தான் ‘டெசி’. 5,000 கண்ணாடி இழைகள், இழைக்கொரு குட்டி ரோபோ. வானில் ஓரிடத்தைக் குறிவைத்ததும் ஐயாயிரமும் சட்டென்று நகர்ந்து, தத்தம் கேலக்ஸியின் ஒளி விழும் புள்ளியில் நின்றுவிடும். முன்பு ஸ்லோன் என்ற வான ஆய்வில் அலுமினியத் தட்டில் துளையிட்டு, 640 இழைகளையும் ஆட்கள் கையால்தான் செருகினார்கள்!

எதற்கு இவ்வளவு பாடு? ஒரு முழக்கோலுக்காக. பேரண்டம் பிறந்து 3,80,000 ஆண்டுகள் வரை கொதிக்கும் குழம்பாக இருந்தது. அதில் ஒலியலைகள் ஓடின. குழம்பு ஆறியதும் அலைகள் அப்படியே உறைந்தன. கிளம்பிய இடத்திலிருந்து அவை நின்ற தொலைவில் கேலக்ஸிகள் கொஞ்சம் கூடுதலாகப் பிறந்தன. இன்றைய கணக்கில் அந்தத் தொலைவு சுமார் 49 கோடி ஒளியாண்டு. வெவ்வேறு காலத்துக் கேலக்ஸிகளில் இந்தக் கோல் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று பார்த்தால், பேரண்டம் எப்போது எந்த வேகத்தில் விரிந்தது என்பது தெரிந்துவிடும்.

விரிவை முடுக்குவது இருண்ட ஆற்றல். அதன் அடர்த்தி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்கிறது இன்றைய நிலையான கொள்கை. 1917-இல் ஐன்ஸ்டைன் சேர்த்த மாறிலியின் மறுபிறவி. இதைச் சோதிக்கும்போது விஞ்ஞானிகளும் ஆசைப்பட்ட விடைக்குச் சாய்ந்துவிடக் கூடியவர்கள்தானே? அதனால் கணக்கிடும் முறை முடிவாகும்வரை டெசி குழுவினர் தரவை வேண்டுமென்றே திரித்து, உண்மை விடையைத் தங்களிடமிருந்தே மறைத்து வைத்தார்கள்.

2025 மார்ச்சில் மூன்றாண்டுத் தரவின் முடிவுகள் வெளியாயின. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி கேலக்ஸிகளும், பிரகாசமான கேலக்ஸி மையங்களான குவாசர்களும். டெசியை மட்டும் பார்த்தால் பழைய கொள்கையோடு பெரிய சண்டை இல்லை. குழம்பு ஆறியபோது கிளம்பிய ஆதி ஒளியின் அளவீடுகளையும், வெடித்த விண்மீன்களான சூப்பர்நோவாக்களையும் சேர்த்தால், இருண்ட ஆற்றல் இப்போது தளர்ந்து வருவதுபோலத் தெரிகிறது. அதன் உறுதி, தற்செயலாக நேர வாய்ப்பு எவ்வளவு குறைவு என்று சொல்லும் ‘சிக்மா’ அளவில், அப்போது 2.8 முதல் 4.2. கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ள 5 வேண்டும்.

‘ஐன்ஸ்டைன் தோற்றார்’ என்று அதற்குள் தலைப்பு போட்டவர்கள் உண்டு. என் கண் அந்த 2.8-க்கும் 4.2-க்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் நிற்கிறது. டெசி மாறவில்லை, ஆதி ஒளி மாறவில்லை. எந்தச் சூப்பர்நோவாப் பட்டியலைச் சேர்க்கிறோம் என்பது மட்டுமே மாறுகிறது. அந்தப் பட்டியல்களில், கிட்டத்தில் வெடித்தவற்றின் படங்கள் பல பழைய தொலைநோக்கிகள் வெவ்வேறு காலத்தில் எடுத்தவை. ஒளியளவில் சில சதவீதம் பிசகியிருந்தாலும் விடை நகர்ந்துவிடும்.