‘சால்ட் அவே’: உப்புப் போட்டு வைத்த பணம்

கல்வி உதவிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் நம் பிள்ளைகள், அகராதியில் கண்ட புதுச் சொல்லைக் கையாள ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான், நாங்களும் ஊக்கப்படுத்துகிறோம். ஆனால் ‘சால்ட் அவே’ என்ற தொடரில் மட்டும் கவனம் தேவை. மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது சொந்தச் சொல்லாகவே தோன்றிவிடும்.

‘சால்ட்’ என்றால் உப்பு. வினையாக வந்தால் உப்பிடுதல். குளிர்பெட்டி இல்லாத நாளில் கப்பல்காரர்கள் இறைச்சியையும் மீனையும் உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து, மாதக்கணக்கில் கெடாமல் வைத்துச் சாப்பிட்டார்கள். நம் கரையில் மீன் கருவாடாவதும் ஏறக்குறைய அப்படித்தான். 19ஆம் நூற்றாண்டில் இந்தப் பேச்சு இறைச்சியிலிருந்து பணத்துக்குத் தாவியது. பணத்தைப் பூட்டியே வைத்திருப்பவரிடம், “ஊறுகாய் போடப் போகிறீர்களா?” என்று நாம் கேட்பதில்லையா, அதுபோல.

இன்று ‘சால்ட் அவே’ என்றால் பெரும்பாலும் பணத்தைப் பிறர் கண்ணில் படாமல் சேர்த்து வைப்பது. கணக்கில் காட்டாத பணத்தை வெளிநாட்டு வங்கியில் போட்டவர்களைப் பற்றிய செய்திகளில் இது அடிக்கடி வரும். எப்போதும் குற்றத்தையே குறிக்கும் என்பதில்லை. ஆனாலும் மறைவு என்ற வாடை அதை விட்டுப் போகாது.

நம் வீட்டுப் பெண்கள் அரிசிப் பானைக்குள் போட்டுவைக்கும் சிறுவாடும் மறைவானதுதான். ஆனால் சிறுவாடு என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை, பெருமையாகக்கூடச் சொல்வோம். சிரித்துப் பேசும் இடத்தில் அதற்கு ‘சால்ட் அவே’ பொருந்தும். விண்ணப்பத்தில் பொருந்தாது. ‘என் படிப்புக்காக அத்தா பணம் சேர்த்தார்’ என்பதை இந்தத் தொடரில் எழுதினால், வருமானச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பவர், சான்றிதழில் காட்டாத பணம் எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடும். உதவி கிடைக்க வேண்டிய பிள்ளைக்கு அது தடையாகிவிடும்.

வெயில் காலத்தில் உப்பு வாரிய கூலியில், ஐப்பசி கார்த்திகை மழைக்கென்று எடுத்துவைப்பதைச் சொல்ல ‘சேவ்’ அல்லது ‘புட் அசைட்’ போதும். பைத்துல்மால் கணக்கை ஆங்கிலத்தில் எழுதித் தரும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறோம். இருப்புத்தொகைக்குப் பக்கத்தில் ‘சால்டட் அவே’ என்றிருந்தால் தணிக்கையாளரின் முதல் கேள்வி அங்கேதான் வரும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒன்று: ‘சால்ட் மணி அவே’, ‘சால்ட் அவே மணி’ இரண்டும் சரி. ‘மணி’க்குப் பதிலாக ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் வரவேண்டும்: ‘சால்ட் இட் அவே’.