எலுமிச்சை மணக்கும் தேநீர்: ருசியும் வியாபாரமும்



விடியற்காலை ஐந்து மணிக்குச் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டில் வந்து நின்று பார்த்தால் எங்கள் ஊர் வியாபாரத்தின் நாடித்துடிப்பு தெரியும். இரவு ஷிப்டு முடிந்து இறங்குகிறவர்களும் காலை ஷிப்டுக்கு ஏறுகிறவர்களுமாகக் கம்பெனிப் பேருந்துகள் வரிசை கட்டி நிற்கும். அதற்கு முன்பே டீக்கடை பாய்லர் கொதித்துக் கொண்டிருக்கும். ஒரு காலத்தில் அங்கே கேட்ட குரல்கள் இரண்டுதான். ஒன்று "ஸ்ட்ராங்கா ஒரு டீ", மற்றொன்று "சர்க்கரை கம்மியா ஒரு டீ". இப்போது மூன்றாவது குரல் ஒன்றும் கேட்கிறது: "அண்ணா, ஒரு லெமன் டீ!"

இந்த மூன்றாவது குரலை நாங்கள் முதலில் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. வெளியூர்ப் பிள்ளைகளின் பழக்கம், நாலு நாளில் போய்விடும் என்று எண்ணினோம். அது போகவில்லை. டீக்கடையில் தொடங்கியது மளிகைக்கடைக்கும் வந்துவிட்டது. எலுமிச்சை டீ, ஆரஞ்சு டீ, பீச் டீ, மாம்பழ டீ என்று விதவிதமான பாக்கெட்டுகளைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆகவே இந்தச் சரக்கைப் பற்றி நம்மவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது என்று இதை எழுதுகிறோம். நாங்கள் பட்ட பாடும் இதில் உண்டு.

குடிப்பவர்கள் யார்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்குப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்து ஏராளமானவர்கள் வந்து வேலை செய்கிறார்கள். வங்காளத்துக்காரருக்கு 'லேபு சா' என்னும் எலுமிச்சைத் தேநீர் பிறந்த ஊர்ப் பழக்கம். பால் இல்லாத டிக்காஷனில் எலுமிச்சை பிழிந்து, கொஞ்சம் கருப்பு உப்பும் சேர்த்துக் குடிப்பார்கள். இந்தி பேசுகிறவர்கள் இதையே 'நிம்பூ சாய்' என்கிறார்கள்.

அடுத்து, நம் தமிழகத்துப் பெண் பிள்ளைகள். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது என்றால் இவர்கள் தொகையை நாமே ஊகித்துக் கொள்ளலாம். அறையில் பால் வாங்கி வைத்துக் காய்ச்ச வசதியில்லாதவர்களுக்கு, வெந்நீர் கிடைத்தால் போதும் என்ற இந்த டீ கைகொடுக்கிறது. மூன்றாவதாக நம் ஊர்ப் பெரியவர்கள். பால் வேண்டாம், இலேசாக இருந்தால் போதும் என்பவர்கள்.

புதுசு இல்லை, பழசுதான்

பழமும் தேயிலையும் சேர்வது இன்று நேற்று வந்த நாகரிகம் அல்ல. மலபாரில் பிரியாணி சாப்பிட்டபின் 'சுலைமானி' குடிப்பார்கள். ஏலக்காய் மணக்கும் கட்டன் சாயாவில் எலுமிச்சைச் சாறு விட்டது அது. ருஷ்யர்கள் சமோவாரில் வெந்நீர் வைத்துக் கொண்டு, தேநீரில் எலுமிச்சை வில்லையை மிதக்க விட்டுக் குடிப்பார்கள். மலேசியாவில் உள்ள நம் உறவினர்களைக் கேட்டால் 'தே ஓ லிமாவ்' என்று சொல்லுவார்கள். பாலில்லாத் தேநீரும் எலுமிச்சையும்தான் அது. வெள்ளைக்காரர்கள் கொண்டாடும் 'ஏர்ல் கிரே' என்பது பெர்கமாட் என்ற நார்த்தை இனப் பழத்தோலின் எண்ணெயை ஏற்றிய தேயிலை. சீனர்கள் லிச்சிப் பழ மணத்தை ஏற்றுகிறார்கள்.

இத்தனை தேசத்தாரும் தேயிலையோடு பழத்தைச் சேர்த்ததற்குத் தேயிலையின் குணமும் ஒரு காரணம். அது பக்கத்தில் எந்த மணம் இருந்தாலும் இழுத்துக் கொள்ளும். இந்தக் குணத்தை வியாபாரிகள் மறக்கக் கூடாது. நாங்கள் ஒருமுறை மறந்தோம். அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

பக்குவம்

வாடிக்கையாளர் பக்குவம் கேட்டால் நமக்குச் சொல்லத் தெரிய வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அரைத் தேக்கரண்டி தேயிலை போட்டு இரண்டு நிமிடம் மூடி வைக்க வேண்டும். வடிகட்டி, சர்க்கரையோ வெல்லமோ சேர்த்து, கடைசியில் எலுமிச்சைச் சாறு ஐந்தாறு சொட்டு விட வேண்டும். சாறு விட்ட பிறகு அடுப்பில் ஏற்றக் கூடாது, கசந்து போகும். தேயிலையை அதிக நேரம் கொதிக்க விட்டாலும் துவர்ப்பு ஏறிவிடும். பால் டீ என்றால் அந்தத் துவர்ப்பைப் பால் மறைக்கும். இதில் மறைக்க எதுவும் இல்லை. பாலையும் எலுமிச்சையையும் சேர்த்தால் திரிந்து போகும் என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும்.

சாறு விட்டவுடன் கருஞ்சிவப்பாக இருந்த தேநீர் பொன்னிறமாக வெளுக்கும். "டீத்தூள் கலப்படமா அண்ணாச்சி, நிறம் போயிடுச்சே?" என்று ஒரு பெண் எங்களிடம் கேட்டதுண்டு. கலப்படம் இல்லை. புளிப்பு பட்டால் தேயிலையின் நிறம் வெளுப்பது இயற்கை. கலப்படத்தைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. ஈரமான வடிகட்டும் தாளில் தூளைத் தூவிச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். சாயம் ஏற்றிய தூள் என்றால் தாளில் நிறம் கோடு கோடாக இறங்கும்.

இந்தப் பக்குவத்துக்கு எங்கள் நாக்குக்குப் பிடித்தது நீலகிரித் தேயிலை. அதற்கு இயல்பாகவே ஒரு பூ மணம் உண்டு. ஆறவைத்து ஐஸ் போட்டாலும் கலங்காமல் தெளிவாக நிற்பதில் அது பேர்போனது.

நாங்கள் செய்த இரண்டு பிழைகள்

சில ஆண்டுகளுக்கு முன் எலுமிச்சை மணம் ஏற்றிய தேயிலை ஒரு மூட்டை வாங்கினோம். கிடங்கில் இடம் இல்லாததால் பெருங்காய டப்பாக்களும் ஊதுபத்தியும் இருந்த அலமாரிக்குப் பக்கத்தில் வைத்தோம். இருபது நாள் கழித்து டீக்கடைக்காரர் ஒருவர் அரை மூட்டையைத் திருப்பிக் கொண்டு வந்து, "என்ன முதலாளி, டீ கேட்டா ரசம் குடுத்து அனுப்பியிருக்கீங்க!" என்று சிரித்தார். அவர் சிரித்தாரே தவிர எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அன்று முதல் தேயிலைக்குத் தனி அலமாரி. சோப்பு, பெருங்காயம், மசாலா, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் அருகில் வராது.

அந்தப் பிழை பணத்தோடு போயிற்று. இரண்டாவது பிழை அப்படிப்பட்டதல்ல. எங்களிடம் முப்பது ஆண்டுகளாகச் சாமான் வாங்கும் பெரியவர் ஒருவர். சர்க்கரை நோய்க்காரர். "டாக்டர் பால் டீயைக் குறைக்கச் சொல்லிட்டார், லெமன் டீ நல்லதாமே" என்று கேட்டார். அலமாரியில் லெமன் டீ என்று பெரிதாக எழுதிய பாக்கெட் இருந்தது. "இதைக் கொண்டு போங்க ஐயா" என்று எடுத்துக் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து அவர் மகன் வந்தார். கோபமாகப் பேசவில்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். சேர்மானப் பட்டியலில் முதல் பெயரே சர்க்கரை. "தினம் மூணு வேளை குடிச்சிருக்கார் அண்ணாச்சி. நீங்க குடுத்ததுன்னு நம்பிக் குடிச்சார்" என்றார்.

பாக்கெட்காரர் மறைக்கவில்லை, சட்டப்படி அச்சிட்டுத்தான் இருந்தார். படிக்காமல் கொடுத்தது நாங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. முதலில் சர்க்கரை என்றிருந்தால் அந்தப் பாக்கெட்டில் சர்க்கரைதான் அதிகம். கடையில் இருக்கும் நமக்கே அதைப் பார்க்கத் தோன்றாதபோது, கண் மங்கிய பெரியவர் பார்ப்பாரா? பெரியவர் பிறகு உடல் தேறினார், இன்றும் நம் கடைக்குத்தான் வருகிறார். ஆனாலும் அந்த மகன் சொன்ன சொல் இன்னும் காதில் நிற்கிறது.

ஒரே பெயரில் நான்கு சரக்கு

அதன்பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டாகப் படித்தோம். 'பழத் தேநீர்' என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் நான்கு வகை இருக்கிறது.

முதலாவது, நிஜத் தேயிலையில் எசன்ஸ் மணம் ஏற்றியது. இதில் பழம் இருக்காது, பழ மணம்தான் இருக்கும். இதைத் தயாரிப்பவர் தேயிலை வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மணம் சேர்த்த தேயிலை என்பதையும், எந்த மணம் என்பதையும் பாக்கெட்டில் குறிக்க வேண்டும்.

இரண்டாவது, தேயிலையோடு உலர்ந்த பழத்துண்டோ தோலோ கலந்தது. விலை கூடுதல்.

மூன்றாவது, சர்க்கரையோடு தேயிலைச் சத்தும் புளிப்பும் மணமும் கலந்த உடனடித் தூள். எங்களைத் தலைகுனிய வைத்தது இதுதான். ருசியில் குறை சொல்ல முடியாது, வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீரில் கலந்தால் பிள்ளைகள் விரும்பிக் குடிப்பார்கள். ஆனால் யாருக்கு விற்கிறோம் என்பதைப் பார்த்து விற்க வேண்டும்.

நான்காவது, தேயிலையே இல்லாமல் உலர்ந்த பழமும் பூவும் மட்டும் கொண்டது. துருக்கியில் சுற்றுலா போகிறவர்களுக்குக் கொடுக்கும் ஆப்பிள் டீயில் பெரும்பாலும் தேயிலை கிடையாது. நம் ஊரில் செம்பருத்திப்பூ, ஆவாரம்பூப் பாக்கெட்டுகளும் இந்த வகையே. இவற்றைப் பற்றி 2025 டிசம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தேயிலைச் செடியிலிருந்து வராத எதற்கும் 'டீ' என்று பெயர் வைக்கக் கூடாது, வைத்தால் அது தவறான பெயரிட்ட பொருள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி தவறான பெயரிட்ட உணவுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. செய்தவருக்கு மட்டும்தான் என்று எண்ண வேண்டாம், விற்கிறவரும் அதில் சிக்குவார். ஆகவே இந்த வகைச் சரக்கை எடுக்கும்போது லேபிளைப் பாருங்கள். பில் இல்லாமல் கொள்முதல் செய்யாதீர்கள். வாங்கிய பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "இதைக் குடித்தால் எடை குறையும், சர்க்கரை இறங்கும்" என்று நாமாக வாய்ச்சொல் தர வேண்டாம். நாம் மளிகைக்காரர்கள், வைத்தியர்கள் அல்ல.

நமக்கு இதில் என்ன லாபம்?

பெரிய கடைகளும், செல்போனில் ஆர்டர் எடுத்து வீட்டுக்கே அனுப்புகிறவர்களும் நாற்பது வகைப் பாக்கெட்டை அடுக்க முடியும். நம்மால் முடியாது, முதலும் முடங்கும், மணமும் போகும். மணம் ஏற்றிய சரக்கைச் சாதாரணத் தூளைப் போல மாதக்கணக்கில் இருப்பு வைக்க முடியாது. ஆகவே கொஞ்சமாக எடுத்து, சீக்கிரம் விற்று, மீண்டும் எடுப்பதே நல்லது.

நம்மால் முடிகிற ஒன்று உண்டு. நல்ல தூள் 100 கிராம், நாலு எலுமிச்சை, ஒரு துண்டு சுக்கு, கொஞ்சம் ஏலக்காய், பனைவெல்லம் எல்லாம் ஒரே கடையில், ஒரே கையால் எடுத்துத் தரலாம். நாங்கள் இவற்றை ஒரே தட்டில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தோம். பக்குவத்தை ஒரு அட்டையில் தமிழிலும் இந்தியிலும் எழுதி மாட்டினோம். விடுதிப் பெண்கள் சேர்ந்து வந்து பங்கு போட்டு வாங்கிப் போகிறார்கள். பாக்கெட்டில் ஒரு சாமானுக்கு வரும் லாபத்தை விட, ஐந்து சாமானில் சில்லறை சில்லறையாக வரும் லாபம் குறைந்ததல்ல. எலுமிச்சை விலை மட்டும் ஏறி இறங்கும். 2022 ஏப்ரலில் நாடு முழுவதும் ஏறியபோது பட்டோம். அந்த மாதிரி நாட்களில் சுக்கும் ஏலமும் போட்டுச் சொல்லிக் கொடுத்தால் வியாபாரம் நிற்காது.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கருக்கு இடம் கொடுத்துப் பசியாற்றுவது சத்திரம். இன்று வழிப்போக்கர்கள் பேருந்தில் வந்து இறங்கி, ஷிப்டு பார்த்து, அறைக்குத் திரும்பி ஒரு டம்ளர் சூடான தேநீரில் களைப்பாறுகிறார்கள். அந்த டம்ளரில் என்ன இருக்கிறது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரிந்தவராக நாம் இருக்க வேண்டும்.

இப்போது எங்கள் கடையில் யார் லெமன் டீ கேட்டாலும் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "யாருக்கும்மா? வீட்டில் சர்க்கரை நோய் யாருக்காவது இருக்கா?" கேட்க அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடத்தைச் செலவு கணக்கில் எழுத வேண்டியதில்லை, வணிகப் பெருமக்களே, அது வரவு.