கால் தடுமாற்றமும் முகவீக்கமும்: சேர்த்துப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

காலை வணக்கக் கூட்டத்தில் நிற்க முடியாமல் சுவரில் சாயும் மாணவியைச் சோம்பல் என்று கடிந்துகொள்கிறோம். கண்ணிமை வீங்கி வருபவளிடம் ‘இரவு தூங்கவில்லையா?’ என்கிறோம். இரண்டும் ஒரே மாணவியிடம் தெரிந்தால் என்ன செய்வது?

நம் உடலின் நோய் எதிர்ப்பாற்றல் கிருமிகளைத் தாக்குவதற்கானது. சிலருக்கு அது வழி தவறித் தன் உடலையே தாக்கும். இதைத் தன்னுடல் தாக்கு நோய் என்கிறோம்.

நரம்பில் நடப்பது

மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நரம்பிழைக்கும் மையலின் என்ற உறை உண்டு. அது சிதைந்தால் மூளையின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராது. கில்லன் பாரே நோயில் பலவீனம் பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி, சில நாட்களில் மேலேறும். பலருக்கு இதற்குச் சில வாரம் முன்பு வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்திருக்கும். 2025 தொடக்கத்தில் புனேயில், சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து, 200க்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது.

சிறுநீரகத்தில் நடப்பது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவை தாக்கப்பட்டால் இரத்தத்திலுள்ள புரதம் சிறுநீரில் ஒழுகும். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் ஆகியவை இதன் அடையாளங்கள்.

இரண்டும் சேரும்போது

வளரிளம் பெண்களிடமும் தொடங்கும் லூபஸ் நோய், சிறுநீரகம், நரம்பு இரண்டையும் தாக்கக்கூடியது. பெரியவர்களிடம் அரிதாக வேறொன்றும் உண்டு. காண்டாக்டின்-1 என்ற புரதம் நரம்பிலும் சிறுநீரக வடிகட்டியிலும் இருக்கிறது. அதைத் தாக்கும் எதிர்ப்பொருள் இரண்டு உறுப்புகளையும் ஒருசேரக் கெடுப்பதை 2021இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

சிகிச்சைக்கும் இது முக்கியம். கில்லன் பாரே நோய்க்கு சிரை (இரத்தக்குழாய்) வழியே இம்யூனோகுளோபுலின் செலுத்துவார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அதைக் கவனமாகத் தர வேண்டும். ஸ்டீராய்டு மருந்து கில்லன் பாரேவுக்குப் பயன்படாது. லூபஸ் சிறுநீரக நோய்க்குப் பயன்படும். எனவே மருத்துவரிடம் இரண்டு அறிகுறிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியர் செய்ய வேண்டியவை

காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கம் போன்ற ஊர்களில், தறியை நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும். அதனால் ‘நாலு நாள் பார்க்கலாம்’ என்று பெற்றோர் தள்ளிப்போடக்கூடும். அந்த நாலு நாளைக் காப்பாற்றித் தர ஆசிரியரால் முடியும்.

• படியேறத் தடுமாறுதல், பென்சில் பிடி தளர்தல், முகவீக்கம் ஆகியவற்றைத் தேதியுடன் குறித்து, பெற்றோரிடம் எழுதிக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எளிய சிறுநீர்ச் சோதனையே புரத ஒழுக்கைக் காட்டிவிடும்.

• 15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கை கால் திடீரெனத் தளர்ந்தால் சுகாதார நிலையத்துக்கு உடனே தெரிவியுங்கள். போலியோ கண்காணிப்புக்காக இத்தகைய ஒவ்வொரு பிள்ளையும் பரிசோதிக்கப்பட வேண்டும்.

• மூச்சுத்திணறலோ விழுங்குவதில் சிரமமோ இருந்தால் 108ஐ அழையுங்கள்.

சிகிச்சை முடிந்து திரும்பும் பிள்ளைக்கும் நம் துணை தேவை. ஸ்டீராய்டால் முகம் உருண்டையாகலாம். கேலி செய்ய இடம் தராதீர்கள். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உண்பதால், வகுப்பில் யாருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே பெற்றோருக்குச் சொல்லுங்கள். ‘வாட்டர் பெல்’ அடிக்கும்போதும் மருத்துவர் சொன்ன அளவே குடிக்கட்டும். கழிப்பறைக்குச் செல்ல எப்போதும் அனுமதியுங்கள்.

நோயைக் கண்டறிவது மருத்துவர் பணி. ஆனால், நேற்று ஓடிய பிள்ளை இன்று ஏன் நடக்கத் தயங்குகிறாள் என்பதை முதலில் கவனிக்கக்கூடியவர் நாள்தோறும் அவளைப் பார்க்கும் வகுப்பாசிரியர்தான்.